கறுப்புத் திட்டுக்குக் கெட்டிமேளம்

மாலை ஐந்து நாற்பதுக்கு இசையமைப்பாளர் அந்தத் தாளைப் பாயில் விரித்தார். அதுவரை என் வாழ்க்கை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நான் பெரம்பலூரில் நாகஸ்வரம் வாசிக்கிறவன். பி.காம். படித்தவனும்கூட (இரண்டையும் வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மருமகனைப் பிடிக்க முடியவில்லை). இசையமைப்பாளர் வெளிநாட்டில் படித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவர். ஸ்வரம் எழுதுவதெல்லாம் பழைய சங்கதி என்று முடிவுகட்டி, படம் வரைந்து கொடுத்து அதை வாசிக்கச் சொல்கிறவர். வயலின் வாசிக்கிற என் மகள் தமிழரசிதான் அவரை அரியலூர்வரை அழைத்து வந்தாள். கச்சேரிக்குக் கிடைத்த இடம் ஒரு கல்யாண மண்டபம். காலையில் நடந்த முகூர்த்தத்தின் மணவறை ஜோடனையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

நான் வாசிக்க ஒப்புக்கொண்டதற்குக் காரணம் கலை இல்லை. தமிழரசிக்குச் சிறுவாச்சூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நல்ல இடம். பையனின் அம்மா போனில், "பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் வேணாங்க, எங்கயாவது விசேஷத்துல சாதாரணமா பொண்ணைப் பார்த்துக்கறோம்" என்றார். அப்படியானால் கச்சேரிக்கே வந்துவிடுங்கள் என்றேன். மேடைமேல் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகப் பெண் நின்றால் யாருக்கு வேண்டாமென்று சொல்ல மனம் வரும்? எனக்கு இப்படியொரு மூளை இருப்பதை எண்ணி இரண்டு நாள் பூரித்துப்போயிருந்தேன்.

தாளைக் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் தோசை கருகினாற்போல் ஒரு கறுப்புத் திட்டு. அடுத்து, மையில் நனைந்த பல்லி ஓடிய தடம். ஓரத்தில் மூன்று புள்ளிகள். மீதியெல்லாம் வெள்ளை.

"சார், இந்தக் கறுப்பு என்ன ராகங்க?"

"ராகம் இல்ல சார். அது ஒரு பாரம்."

"இந்தப் புள்ளிங்க?"

"அது உங்களுக்குள்ள இருக்கற பயம்."

(மூன்றே மூன்றுதான் வைத்திருந்தார். என்னைச் சரியாகத் தெரியாது, பாவம்.)

என்னோடு தவில் வாசிக்கும் மாணிக்கம் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினான். "அண்ணே, இதுல நேர்ப்பக்கம் எதுன்னாவது கேட்டுச் சொல்லுங்க."

"தப்பா வாசிச்சுட்டா என்ன சார் பண்றது?" என்றேன்.

"இந்த இசையில தப்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

காலமெல்லாம் தப்புக்குப் பயந்தே வாசித்து வந்தவன் நான். தப்பே இல்லையென்றால் எதைப் பிடித்துக்கொண்டு வாசிப்பது?

தாளைத் தாங்க ஸ்டாண்டு போதவில்லை. தமிழரசி வயலினை வைத்துவிட்டு தாளைப் பிடித்துக்கொண்டு இசையமைப்பாளர் பக்கத்தில் நின்றாள். அவர், ஊரோடு ஒட்ட வேண்டுமென்று ஜரிகை வேட்டி கட்டியிருந்தார். மண்டபத்துக்காரர் தம் பங்குக்கு அவருக்கு மாலையும் போட்டுவிட்டார். வந்தவர்கள் கையிலெல்லாம் உதிரிப்பூ. மௌனம் தங்களைத் தொடும்போது அதைத் தூவ வேண்டுமாம். யாரையும் அது தொடவில்லை. முன்வரிசையில் ஒருவர் பூவை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

கறுப்புத் திட்டை வாசித்தேன். சுண்ணாம்புக்கல் லாரி மேடேறுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. இசையமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு உருகினார். என் கண் வாசலிலேயே இருந்தது. சிறுவாச்சூர்க்காரர்களை இன்னும் காணோம்.

வெள்ளை வந்தது. இனி முழு அமைதி என்று எங்களுக்குக் காட்ட, இசையமைப்பாளர் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினார்.

மாணிக்கம் அந்தத் தாளை எப்போதோ கைவிட்டிருந்தான். ஆயிரம் கல்யாணத்தில் அந்த விரலுக்குக் கட்டுப்பட்ட கை அது. கெட்டிமேளம் முழங்கிவிட்டது. சரி, எனக்கு எங்கே போயிற்று புத்தி? நானும் கூடவே உச்சத்தில் பிடித்தேன்.

கூட்டம் மொத்தமும் எழுந்தது. தூங்கியவரும் எழுந்தார். மணவறை முன்னால் மாலை போட்டவர் ஒருவர், பக்கத்தில் பட்டுப்புடவையில் ஒரு பெண். அத்தனை பூவும் அவர்கள் தலையில் விழுந்தது.

"தப்பு, தப்பு" என்று கத்தினார் இசையமைப்பாளர் (கிடையவே கிடையாது என்றாரே, அது). நல்ல நேரத்தில் வேண்டாத சொல் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தானே கெட்டிமேளம்; மாணிக்கம் இன்னும் ஓங்கி அடித்தான். தமிழரசி சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தாள். பார்த்தவர்களுக்கு அது வெட்கமாகத் தெரிந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் இன்னொரு இட்லி வேண்டுமென்று நான் விரலைக் காட்ட முடியாது. தமிழரசி தட்டில் கெட்டிமேளம் தட்டுவாள்; அவள் அம்மா என்மேல் ஒரு கறிவேப்பிலையைத் தூவிவிடுவாள். அவர்களுக்குச் சிரிப்பு. எனக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் மேளம் ஓய்ந்தபோது, சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்த சிறுவாச்சூர்க்காரர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். பையனின் அம்மா கையில் பழத்தட்டு. மேடையைப் பார்த்தார். பூ சொரிந்து கிடந்த இருவரையும் பார்த்தார். பிறகு, நாகஸ்வரமும் கையுமாக இறங்கி ஓடிவந்த என்னைப் பார்த்தார்.

"அந்தப் பூவுல கொஞ்சம் மிச்சம் இருந்தா குடுங்க" என்றார். "வந்தது வந்துட்டோம், நாங்களும் ஆளுக்கு ரெண்டு போட்டுட்டுக் கிளம்பறோம்."