மூன்றாவது மாடிக் கிளட்ச்

"பானை வேணுமா? எவ்வளவு பெரிசு?" என்று கேட்டாள் போடில், கதவைப் பாதி திறந்தபடி.

"கிளட்ச் தகடு ஆறு முங்கணும்" என்றான் டோர்பன். சொன்ன பிறகுதான் அது சமையலுக்கான அளவு இல்லை என்று உறைத்தது.

ஓடென்ஸே நகரத்தில் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில், காரணம் இல்லாமல் யாரும் யார் வீட்டு மணியையும் அடிப்பதில்லை. முதல் மாடியில் குடியிருக்கும் புவியியல் ஆசிரியர் டோர்பன், மூன்றாவது மாடிப் போடிலை ஓராண்டாகப் படிக்கட்டில் பார்க்கிறான். "ஹாய்" என்பதற்கு மேல் ஒரு சொல் வந்ததில்லை. இப்போது நிலவறையில் அவனுடைய 1937ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் குடல் திறந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிக்காரர்களின் கடலோரச் சவாரி. கிளட்ச் சரியானால் பின் சீட்டில் வர முடியுமா என்று போடிலைக் கேட்டுவிடுவது என்று தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தான். கிளட்ச் சரியாகாவிட்டால் இன்னொரு ஆண்டு "ஹாய்."

பானை கிடைத்தது. கூடவே காபியும் கிடைத்தது. டோர்பன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். எண்ணெய்ப் பிசுக்கேறிய தகடுகளைத் தன் அடுப்பில் வேகவைத்தான். தகட்டுத் துளைகளில் பிடிமானத்துக்காகப் பதித்திருந்த, உளுத்துப்போன தக்கைகளை எடுத்துவிட்டுப் புதுத் தக்கைகளைப் பதித்து, எல்லாவற்றையும் மாட்டி எண்ணெய் ஊற்றினான். தக்கை ஓர் இரவு ஊற வேண்டும். அதற்கு முன் கிக்கரைத் தொடக்கூடாது. திங்கட்கிழமை முடிந்தது.

செவ்வாய் மாலை உதைத்தான். எஞ்சின் பாடியது. ஆனால் கிளட்சைப் பிடித்தாலும் விட்டாலும் ஒன்றுதான். கியரைப் போட்டதும் வண்டி செருமிவிட்டு நின்றது.

"ஸ்பிரிங் ரொம்ப இறுக்கம்" என்று தீர்ப்புச் சொல்லி, ஸ்பிரிங்கைக் கொக்கி போட்டு இழுக்கப் பின்னல் ஊசி கேட்டு மூன்றாவது மாடிக்கு ஓடினான். காபியோடு இலவங்கப்பட்டை ரொட்டியும் வந்தது.

"தகடு எதுக்கு அத்தனை இருக்கு?" என்று கேட்டாள் போடில், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

டோர்பன் ரொட்டியைத் துண்டுதுண்டாக வெட்டி அடுக்கி விளக்கினான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. புவியியல் வகுப்பில்கூட அவன் பேச்சை இப்படி யாரும் கேட்டதில்லை.

புதன்கிழமை வண்டி நேர்மாறாக மாறியிருந்தது. எஞ்சின் அலறியது, சக்கரம் அசையவே இல்லை.

"வாத்தியாரே, அது மோட்டார் சைக்கிளா, மிக்சியா?" என்றார் கட்டடக் காவலாளி பிரேபன், துடைப்பத்தில் சாய்ந்தபடி.

"ஸ்பிரிங்கை ரொம்பத் தளர்த்திட்டேன் போல."

இறுக்கினான். ஒரு ஸ்பிரிங் தெறித்துப் பறந்து, யாரோ துணி போடத் திறந்து வைத்திருந்த நிலவறைப் பொதுச் சலவை இயந்திரத்தின் வாய்க்குள் போய் விழுந்தது. எடுப்பதற்குள் துணிக்குச் சொந்தக்காரர் அதைத் திணித்து இயந்திரத்தை ஓட விட்டுவிட்டார். டோர்பன் ஒரு மணி நேரம் அதன் வட்டக் கண்ணாடி முன் குந்தியிருந்து, போர்வைகளுக்கு நடுவே தன் ஸ்பிரிங் சுற்றுவதைப் பார்த்தான். பிறகு நான்கு ஸ்பிரிங்கும் ஒரே உயரம்தானா என்று பார்க்கத் தையல் டேப் வேண்டும் என்று மேலே ஓடினான்.

"இன்னைக்கும் ஆகலையா?" என்றாள் போடில். குரலில் கவலை. காபி ஏற்கெனவே ஊற்றி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை இரண்டு கையாலும் தொங்கினாலும் கிளட்ச் பிடி அசையவில்லை. பிரித்துப் பார்த்தால், நடுவே வர வேண்டிய வெறும் இரும்புத் தகடு இல்லாமல் தக்கைத் தகடுகள் இரண்டு அடுத்தடுத்து இருந்தன.

"நானா இப்படி மாட்டினேன்?" என்று வாய்விட்டுக் கேட்டான்.

"வயசாகுதுல்ல" என்றார் பிரேபன்.

வெள்ளிக்கிழமை, பள்ளியில் ஆறுகளைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவன் கரும்பலகையில் கிளட்ச் படம் வரைந்துவிட்டான். மாலையில் அதே படப்படி ஒவ்வொரு தகட்டையும் வாய்விட்டு எண்ணி மாட்டினான். சனிக்கிழமை காலை முற்றத்துக்கு உருட்டி வந்து உதைத்து, கிளட்சைப் பிடித்துக் கியரைப் போட்டான். பிடித்த பிடியிலேயே வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. துணி காயும் கொடி மொத்தத்தையும் வாரிச் சுருட்டி, சைக்கிள் நிறுத்துமிடத்தில் மோதி நின்றது. கொடியிலிருந்து தலையில் வந்து மாட்டிய பூப்போட்ட தலையணை உறையைக்கூடக் கழற்றாமல் டோர்பன் மூன்றாவது மாடி மணியை அடித்தான்.

"இப்ப என்ன வேணும்?" என்றாள் போடில்.

"ஒண்ணும் வேணாம். அவ்வளவுதான். நாளைக்குச் சவாரி கிடையாது."

"என்ன சவாரி?"

"கடலோரமா... வருஷத்துக்கு ஒரு தடவை. பின் சீட்டு காலியாத்தான் இருக்கு. கிளட்ச் சரியானா உங்களைக் கூப்பிடலாம்னு... ஒரு வருஷமா..." உறைக்குள்ளிருந்து குரல் மங்கலாக வந்தது.

போடில் அந்த உறையைப் பிடுங்கி எறிந்தாள். முகம் சிவந்திருந்தது.

"இதைத் திங்கட்கிழமையே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோபம் ஏன் என்று டோர்பனுக்குப் புரியவில்லை. வண்டியை நிலவறையில் தள்ளிவிட்டுப் படுக்கப் போனான்.

ஞாயிறு காலை சும்மா ஒருமுறை உதைத்துப் பார்த்தான். எஞ்சின் பிடித்தது. கிளட்சை அழுத்தினான். வெண்ணெய் மாதிரி இருந்தது! கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. பிடியை விட விட, வண்டி பூனைபோல நகர்ந்தது. "ஓடுது! ஓடுது!" என்று முற்றத்தில் மூன்று வட்டம் அடித்தான். இருந்த இருபத்து நான்கு ஜன்னல்களும் திறந்தன.

வாசலில் போடில் ஹெல்மெட்டோடு நின்றிருந்தாள்.

"எப்படிச் சரியாச்சு?" என்றாள், கண்ணை விரித்து.

"தக்கை! நல்லா ஊறணும். பொறுமை வேணும். எல்லாருக்கும் இது வராது" என்றான் டோர்பன் நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படியா!" என்று சொல்லிவிட்டு, காற்றுக்குக் கழுத்துத்துணி எடுத்துவர அவள் மாடிக்கு ஓடினாள்.

பிரேபன் துடைப்பத்தோடு அருகில் வந்து காதோரம் குனிந்தார்.

"நீ திங்கட்கிழமை மாட்டினதே சரியாத்தான் இருந்துச்சு வாத்தியாரே. நீ எந்திரிக்கிறதுக்குள்ள தினமும் கீழ வந்து கழட்டித் தப்பா மாட்டிட்டுப் போனது இந்தப் பொண்ணுதான். இன்னைக்குத்தான் முதல் தடவையா சரியா மாட்டிட்டுப் போயிருக்கு."