டான் ஸ்ரீ தாமதமாக வந்த மூன்று நிமிடம்

வணக்கம் சொல்லியே தோற்றுப்போனவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் தோற்றிருக்கிறேன். அதுவும் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில், நிறைந்த சபையில்.

இளம் ஆய்வாளர்களுக்கான போட்டி அது. மூன்று நிமிடத்துக்குள் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும். என் ஆய்வு லோங்காங் பற்றியது (சாக்கடைக்கு இங்கே நாங்கள் சொல்லும் மலாய்ப் பெயர். கேட்க எவ்வளவு நாகரிகமாக இருக்கிறது பாருங்கள்!). அதில் தண்ணீர் ஏறுவதைக் கவனித்து, வெள்ளம் வீட்டுக்குள் நுழையும் முன்பே கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் ஒரு பெட்டி செய்திருந்தேன். கிள்ளானில் எங்கள் குடியிருப்பான தாமானுக்குள் வெள்ளம் புகுந்து, அம்மாவின் புது சோபா மிதந்ததைப் பார்த்த ஆத்திரத்தில் செய்தது. ஜெயித்தால் அதை ஊரெங்கும் பொருத்திப் பார்க்க மானியம் கிடைக்கும். தோற்றால் பெட்டி பல்கலைக்கழக அலமாரியில் தூங்கும்.

பயிற்சி கொடுக்க முன்வந்தவர் சிவம் மாமா. கிள்ளானில் கல்யாணமோ கோயில் விழாவோ, மைக்கைப் பிடிப்பவர் அவர்தான். பெட்டி என்ன செய்யும் என்று அவர் கேட்கவே இல்லை.

"முன் வரிசையில யாரு உட்காருவாங்க, அத சொல்லு மொதல்ல. பட்டம் வாங்குனவங்கள வரிசை மாத்திக் கூப்ட்ட, அவ்ளோதான். கேஸ் குளோஸ்லா!"

டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ என்று அரசப் பட்டங்களின் வரிசைப்படி வணங்காமல் எங்கள் நாட்டு மேடைகளில் யாரும் வாயைத் திறப்பதில்லை. நானும் தலையாட்டினேன் (முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண்ணல்லவா!).

எனக்கு முன் பேசியவர்கள் "ஹாய்" என்று ஆரம்பித்ததைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். மேடை ஏறினேன். டத்தோ ஸ்ரீ, டத்தோ, நடுவர்கள், பேராசிரியர்கள், ஏற்பாட்டுக் குழுவினர் என ஒருவரையும் விடாமல் ராகம் போட்டு அழைத்து, சக போட்டியாளர்களிடம் வந்து மூச்சு வாங்கியபோது கதவு திறந்தது. ஒரு டான் ஸ்ரீ நிதானமாக நடந்து வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார்.

டான் ஸ்ரீ எல்லோருக்கும் மேலே. அவரைக் கடைசியில் செருக முடியாது. பின் வரிசையில் மாமா பதறிப்போய்க் கையை மேலே மேலே காட்டினார். "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

என் பேராசிரியை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "இனி என் ஆய்வுக்கு வருகிறேன்" என்றேன். மணி அடித்தது. டான் ஸ்ரீ மட்டும் மனம் நிறைந்து கைதட்டினார்.

கொமியூட்டர் ரயிலில் கிள்ளான் வரை அழுதேன்.

"எல்லாம் போச்சு மாமா. பெட்டின்னு ஒன்னு இருக்குறதே அவங்களுக்குத் தெரியாது."

"அழாதம்மா. டான் ஸ்ரீய சரியான எடத்துல வெச்ச பாரு, அதாம்மா மேடை!"

அவர் முகத்தில் அத்தனை பெருமை. அவரைத் தள்ளிவிடலாம் போல இருந்தது.

அலமாரிக்குப் போகவிருந்த பெட்டியைப் பேராசிரியையிடம் கெஞ்சி வாங்கிவந்து, எங்கள் வீட்டுப் பின்புற லோங்காங்கில் நானே பொருத்தினேன். தகவல் எங்கள் தாமானின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அந்தத் தகவலின் வாசகத்தை எனக்குத் தெரியாமல் மாற்றி வைத்தவன் என் தம்பி. அதைப் பழையபடி மாற்ற விடமாட்டோம் என்று தெருவே அடம்பிடிக்கிறது. அதனால் இன்றும் மழை வலுத்தால், எல்லார் கைப்பேசியும் ஒன்றாகச் சிணுங்கும்: "மாண்புமிகு வெள்ளம் அவர்கள் வருகை தருகிறார். காரை மேட்டுக்கு ஏத்துங்க!"

சிரித்துக்கொண்டே எல்லோரும் கார் சாவியைத் தேடுவார்கள். முதலில் தெருவுக்கு ஓடிவருவது சிவம் மாமாதான், யாருக்கும் ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல்.