துண்டம்மாவும் சுல்தானின் கட்டியும்

கண்டி மாவட்டத்தில் எதையும் ஒரு துண்டு வெட்டிப் பார்க்காமல் நம்பாத ஒரே ஜீவன் எங்கள் துண்டம்மாதான். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று அவர் ஒத்துக்கொண்டதுகூட, அதில் துண்டு எடுக்க வசதிப்படாததால்தான் என்று நினைக்கிறேன்.

அம்பிட்டியவுக்கு ஏறும் பாதையில், விலங்குகளின் நோய்களைப் பரிசோதிக்கும் சின்ன ஆய்வுகூடம் ஒன்றில் நான் எழுதுவினைஞர். நாயின் கட்டி, மாட்டு ஈரல், கோழிக் குடல் எல்லாம் போத்தல்களில் எங்களிடம் வந்து சேரும். அவற்றை மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்து என்ன நோய் என்று சொல்கிற டொக்டர்தான் துண்டம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். சொந்தப் பெயர் அறைக் கதவின் பலகையில் இருந்தது. அதை யாரும் வாசித்ததில்லை. யார் என்ன சொன்னாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "துண்டைக் கொண்டு வாங்கோ. பிறகு கதைப்பம்."

ஒருமுறை சந்தையில் பலாப்பழக்காரர் ஒருவர், தேனாக இனிக்கும் என்று அவரிடம் சத்தியம் செய்தார். துண்டம்மா மேலே ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, அடியில் ஒரு துண்டு கேட்டார். "மேல் துண்டை மட்டும் பாத்து முடிவு சொல்லக் கூடாது" என்று அந்த மனுஷனுக்கு விளக்கமும் கொடுத்தார். மூன்றையும் தின்று முடித்து, "ஓம், இனிப்புத்தான்" என்று சான்றளித்துவிட்டு, வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் பணிப்பாளரின் கழுத்தில் ஒரு மரு உண்டு. கூட்டங்களில் அவர் பேசப் பேச, துண்டம்மாவின் கண் அந்த மருவை விட்டு நகராது. ஒருநாள் கூட்டத்தின் நடுவிலேயே, "சேர், அதில ஒரு சின்னத் துண்டு எடுத்தால் என்ன?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பணிப்பாளர் எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டுதான் வருவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் மாணிக்கம் அண்ணன் வந்து மாட்டினார். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் பிறந்து, பல்லேகலயில் குடியேறியவர். அவருக்கு சுல்தான் என்று ஒரு வெள்ளைக் குதிரை. கண்டியைச் சுற்றி எங்கே மாப்பிள்ளை ஊர்வலம் என்றாலும் சுல்தான்தான். தனி ஆளான மாணிக்கம் அண்ணனுக்குப் பிழைப்பும் அதுதான், பேச்சுத்துணையும் அதுதான். அந்தக் குதிரைக்கு ஒரு கட்டி வந்துவிட்டது. புழுப்புண் என்றார் ஒருவர். செய்வினை என்றார் இன்னொருவர். மிருக வைத்தியர் மட்டும் கட்டியின் நுனியைக் கொஞ்சம் கிள்ளிப் போத்தலில் போட்டு, புற்றுநோய் பரவியிருந்தால் ஊசி போட்டு முடிப்பதுதான் வழி என்று சொல்லி எங்களிடம் அனுப்பியிருந்தார்.

நான் படிவத்தை எடுத்தேன். "கட்டி எங்கண்ணே இருக்கு?"

மாணிக்கம் அண்ணன் தரையைப் பார்த்தார். "கீழ தங்கச்சி."

"கீழன்னா கால்லயா?"

"காலுக்கு மேல."

"அப்ப வயித்துல?"

"வயித்துக்குக் கீழ."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தோம். காலுக்கு மேலே, வயிற்றுக்குக் கீழே என்று ஒரு தேசம் இருப்பதே கண்டியின் மரியாதையான குடும்பங்களுக்குத் தெரியாது. நான் கொன்வென்டில் படித்தவள் வேறு. 'வயிறு' என்று எழுதிவிட்டேன். மாணிக்கம் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, துண்டம்மா நுணுக்குக்காட்டியிலிருந்து தலையை எடுக்காமலே என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இது வயிறோ?"

"ஆமா டொக்டர்."

"வயித்துத் தோல் இப்பிடி இராது. ஒரு மயிர்க்காலும் இல்லை. நீர் குதிரையைக் கண்டனீரோ?"

"இல்ல டொக்டர்."

"அப்ப ஆர் வயிறு எண்டது?"

நான் கலண்டரைத் தேடினேன். அந்த அறையில் கலண்டர் இல்லை.

"ஆண்குறியோ?" என்று கேட்டார், கறிக்கு உப்புப் போதுமோ என்று கேட்கிற அதே குரலில். பக்கத்து அறையில் யாரோ தேநீர்க் கோப்பையைக் கீழே போட்டார்கள்.

நான் தலையாட்டினேன்.

"இஞ்ச பாரும். கலங்களுக்குள்ள கருவைச் சுத்தி வெள்ளை வளையம் தெரியுது. வைரஸ் செய்யிற வேலை. வயித்தில எண்டால், சும்மா பாலுண்ணி, விட்டுவிடுங்கோ எண்டு எழுதியிருப்பன். அந்த இடத்தில எண்டால், மேல பாலுண்ணி மாதிரி இருக்கும், அடியில புற்று இருக்கும். உம்மட வெக்கத்தில ஒரு குதிரை செத்துப்போகும், பிள்ளை."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவர் சொன்னது அத்தனையும் நியாயம்.

அடித்துண்டு வேண்டும், அதுவும் தன் கண்ணால் பார்த்த இடத்திலிருந்து வேண்டும் என்று அடுத்த நாளே அவர் பல்லேகலவுக்கு பஸ் ஏறினார். தண்டனையாக என்னையும் கூட்டிப்போனார். பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு மரத்தடியில் சுல்தான் நின்றது. அதன் இடுப்பில் பழைய சேலை ஒன்று பாவாடை மாதிரிக் கட்டியிருந்தது.

"பொம்பளப் புள்ளைங்க பஸ்ஸுக்கு நிக்கிற இடம் டொக்டரம்மா, அதான்," என்றார் மாணிக்கம் அண்ணன்.

துண்டம்மா பாவாடையை அவிழ்த்து என் கையில் தந்தார். குனிந்து பார்த்தார். பார்க்க ஒன்றும் இல்லை. சுல்தான் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு உத்தமனாக நின்றது.

"வெளிய விடச் சொல்லுங்கோ."

"நான் சொன்னா கேப்பானா? ஒண்ணுக்குப் போறப்பதான் விடுவான். விசிலடிச்சா போவான்."

"அப்ப அடியுங்கோ."

"முன்பல்லு போன பொறகு எனக்கு விசில் வர்றதில்ல டொக்டரம்மா."

துண்டு வெட்ட வருவதாகச் சொன்ன மிருக வைத்தியர் இன்னும் வந்து சேரவில்லை. காத்திருப்பது துண்டம்மாவின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம். கைப்பையைக் கமுக்கட்டில் இடுக்கிக்கொண்டு, உதட்டைக் குவித்து, அவரே விசிலடிக்கத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த மெட்டு தேவாலயத்தில் பாடும் ஞானப்பாட்டு ஒன்றுதான். குதிரையின் வயிற்றுக்கு நேரே முகத்தை வைத்து, பருத்திச் சேலையில் ஒரு வயதான அம்மா பக்தியோடு விசிலடிப்பதைக் கண்ட சனம் மூன்று பஸ் வந்தும் ஏறவில்லை. ஒரு பெரியவர் பாட்டை அடையாளம் கண்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நான் சேலையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

நான்காவது சரணத்தில் சுல்தானுக்கு மனம் இரங்கியது. துண்டம்மா டோர்ச்சை அடித்து, பூக்கோவா மாதிரிக் கொத்துக் கொத்தாக இருந்த கட்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்து முடிக்கவும், மிருக வைத்தியர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

"ஏன் டொக்டர் கஷ்டப்பட்டீங்க? மயக்க ஊசி போட்டா அது தானா வெளிய வருமே," என்றார் அவர்.

துண்டம்மா சேலையிலிருந்த புல்லைத் தட்டினார். "நீர் நேரத்துக்கு வாரும்," என்று மட்டும் சொன்னார்.

ஊசி போட்டு, அவர் காட்டிய இடத்திலிருந்து ஆழமாக ஒரு துண்டும், தொடையிடுக்கு நெறிக்கட்டியிலிருந்து ஒரு துண்டும் எடுத்தார்கள். முடிவு வந்தது. புற்றுநோய்தான், ஆனால் தொடக்கம். நெறிக்கட்டிக்குப் பரவவில்லை. கட்டியோடு நுனியை வெட்டி எடுத்தால் குதிரை பிழைக்கும். துண்டம்மா ஃபோனில் அதைச் சொன்னபோது, மாணிக்கம் அண்ணன் அழுத சத்தம் என் மேசைவரை கேட்டது. இந்த முறை படிவத்தில் இடத்தின் பெயரை நான் முழுசாக எழுதினேன், கலண்டரைப் பார்க்காமலே.

வெட்டினார்கள், ஆறியது, சுல்தான் பழையபடி கொள்ளுத் தின்றது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாணிக்கம் அண்ணன் சந்தோஷத்தில் எங்கள் அறிக்கையைக் காண்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அறிக்கையில் வைரஸ் என்று இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கண்டால் எங்கள் சனம் அடுத்த சொல்லை வாசிப்பதில்லை. வட்ஸ்அப்பில் 'சுல்தான் வைரஸ்' கண்டியைச் சுற்றி வந்தது. குதிரை போன பாதையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் சுல்தானுக்கு மாஸ்க்கும் கட்டிவிட்டார், வந்த இடம் எது, கட்டுகிற இடம் எது என்ற யோசனையே இல்லாமல்.

கல்யாண வீட்டார் ஒவ்வொருவராகக் குதிரை வேண்டாம் என்றார்கள். கடைசியாக மிஞ்சியிருந்தது எங்கள் பணிப்பாளர் மகனின் கல்யாணம். அவரும் வேண்டாம் என்றார். மிருக வைத்தியம் படித்தவர், அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். "எனக்குத் தெரியும். சம்பந்தி வீட்டுக்குத் தெரியாதே," என்றார்.

மாணிக்கம் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். "வித்துடப் போறேன் டொக்டரம்மா. ஒருத்தன் கேக்குறான். எதுக்கு வாங்குறான்னு கேக்கத்தான் பயமா இருக்கு."

துண்டம்மா படியிறங்கி அவர் பக்கத்தில் வந்தார். "விக்க வேண்டாம். கலியாணத்தண்டைக்குக் குதிரையைச் சோடிச்சுக்கொண்டு வாங்கோ," என்றார்.

கல்யாணத்தன்று சுல்தான் சலங்கையும் பட்டுமாக மண்டப வாசலில் நின்றது. சம்பந்தி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பணிப்பாளருக்கு வியர்த்தது. துண்டம்மா நேரே மேடைக்குப் போய், வரவேற்புரை சொல்லிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். வெளிய நிக்கிற குதிரையின்ர ஆண்குறியில ஒரு கட்டி இருந்தது," என்று தொடங்கினார். வாசலில் நின்ற நாதஸ்வரக்காரர் ஊதியதைப் பாதியில் விட்டார். "வைரஸாலதான் வந்தது. வெட்டி எடுத்தாச்சு. அந்த வைரஸ் குதிரைக்குத்தான் வரும், மனிசருக்கு வராது. மாப்பிள்ளை மனிசர் எண்டதில ஆருக்கும் சந்தேகம் இருந்தால், அவரிட்ட ஒரு சின்னத் துண்டு எடுத்துத் தாங்கோ. நான் பாத்துச் சொல்லுறன்."

மாப்பிள்ளை குதிரையில் ஏறிய வேகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அடுத்த முகூர்த்தத்திலிருந்து சுல்தானுக்கு ஓய்வில்லை.

இந்த வருடம் துண்டம்மா ஓய்வு பெற்றுப் போனார். பணிப்பாளர் நீளமாகப் பேசினார், கழுத்துப் பொத்தானைப் பூட்டியபடி. துண்டம்மா, "சரி, அப்ப நான் வாறன்," என்றதோடு ஏற்புரையை முடித்துக்கொண்டார். வாசலுக்கு வந்தால், மாணிக்கம் அண்ணன் சுல்தானை மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் சோடிப்பது போலச் சோடித்துக்கொண்டு நிற்கிறார். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்த துண்டம்மா, உதட்டைக் குவித்து அந்த ஞானப்பாட்டின் முதல் வரியை விசிலடித்தார்.

சுல்தான் மறந்திருக்கவில்லை. பட்டும் சலங்கையுமாக, பணிப்பாளரின் காலிலிருந்த புதுச் சப்பாத்து நனைய நனைய, தன் மரியாதையைச் செய்தது. நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். துண்டம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணுக்குள்ள என்னவோ விழுந்திட்டுது, பிள்ளை," என்றார்.

நான் துண்டு கேட்கவில்லை.