விழிதியூர்க் குளத்தில் ஒரு கிரேக்க அரங்கம்

புத்தகத்தில் படித்ததை உடனே செய்து பார்க்கத் துடிக்கிறவர்கள், முதலில் காலண்டரை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. நான் பார்க்கவில்லை.

அப்போது காரைக்காலில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பழங்காலக் கிரேக்கர்கள் மலைச்சரிவில் அரைவட்டமாகப் படிகள் அமைத்து, கீழே வட்டத் தரையில் நாடகம் போட்டார்கள் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி எனக்கே பித்து பிடித்துவிட்டது. மாணவர்களை வைத்து அதேபோல ஒன்று போட்டே தீரவேண்டும். மலைக்கு எங்கே போவது? (எங்கள் மாவட்டத்தில் ஏறி இறங்க இருப்பது வேகத்தடை மட்டும்தான்.)

வணிகவியல் துறையில் பாடம் எடுத்த செல்விதான் வழி சொன்னாள். அவள் ஊரான விழிதியூரில் குளம் காய்ந்து கிடந்தது. மூன்று பக்கமும் சரிவான கரை. அங்கே ஜனம் உட்காரும், நடுவில் நாங்கள் நடிப்போம், பின்னால் பலகையில் ஓர் அரண்மனை. செல்வியும் நானும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்திருந்தோம். அவள் அப்பாதான் பிடிகொடுக்கவில்லை. ஊர்க் குளமும் மதகும் அவர் பொறுப்பில் இருந்ததால், அனுமதி கேட்கவும் அவரிடமே போகவேண்டியதாயிற்று.

கிரேக்க அரங்கில் கீழே மெல்லப் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்குமாம். சோதித்துப் பார்க்க, குளத்தின் நடுவில் நின்று முணுமுணுத்தேன்.

“இந்தப் பெரிய மனுசன் பொண்ணு குடுப்பாரா, மாட்டாரா?”

கரை மேலிருந்து பதில் வந்தது. “மொதல்ல நாடகத்தப் பாக்குறேன் தம்பி. அப்புறம் சொல்றேன்.”

நாடகம் நான் எழுதியது. வறட்சியில் அழியும் நாடு, கதறும் அரசன். அரசன் நானேதான் (வேறு யாரை நம்புவது?). கிரேக்க முறைப்படி முகம் முழுக்க மூடும் காகிதக்கூழ் முகமூடி, அதில் கண்ணுக்குச் சின்னதாக இரண்டு ஓட்டை. உயரம் கூட்டக் காலில் கட்டைச் செருப்பு. நேரே பார்த்தால் கரை தெரியும். என் கால் எனக்குத் தெரியாது.

ஆனி மாதத்து ஞாயிறு சாயங்காலம். கரை கொள்ளாத கூட்டம். “என் மண்ணுக்கு ஒரு சொட்டு நீர் இல்லையா?” என்று கைகளை உயர்த்தினேன். விசில் பறந்தது. “தெய்வமே, மனமிரங்கு” என்றேன். கைதட்டல். பெண்கள் குலவையிட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்று பூ வீசினார்கள். அந்த வசனத்தை இன்னொரு தடவை உருக்கமாகச் சொல்லிவிட்டு, நன்றாகக் குனிந்து வணங்கினேன்.

குனிந்தபோதுதான் தண்ணீர் தெரிந்தது. கட்டைச் செருப்பைச் சுற்றிப் பூவெல்லாம் மிதந்தது. என்னைச் சுற்றி நின்று பாடவேண்டிய கோரஸ் மாணவர்கள் எப்போதோ கரையேறிவிட்டிருந்தார்கள்.

மேட்டூர்த் தண்ணீர், ஜூனில் அணை திறந்தால் ஆனியில் வருவது. கடைமடையான எங்கள் பக்கத்துக்கு அது வந்து சேருவதே பெரும்பாடு. வாய்க்காலில் தலைகாட்டியதும் செல்வியின் அப்பா மதகைத் திறந்துவிட்டார். அந்த மதகு என் அரண்மனைக்கு நேர் பின்னால் இருந்தது.

“ஐயா, நாடகம் இன்னும் முடியலைங்க” என்றேன். அழுகையே வந்துவிட்டது. கல்யாணமும் இந்தத் தண்ணீரோடு போயிற்று என்று நினைத்தேன்.

“நாடகத்த நாளைக்கிப் போட்டுக்கலாம். தண்ணி நமக்காக நிக்குமா?”

அதற்குள் அரண்மனை சாய்ந்து, மிதந்துபோய், வயலுக்குத் தண்ணீர் போகும் குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டது. மனிதர் பதறிப்போனார்.

“மாப்ள, அந்தப் பலகைய இழுங்க. நாத்து காயுது பாருங்க.”

அதுவரை நான் தம்பிதான். ஓடினேன், கட்டைச் செருப்போடு குப்புற விழுந்தேன், முகமூடி கூழாகி மூக்கில் வழிய வழியப் பலகையை இழுத்துப் போட்டேன். கரையில் செல்வி சிரிப்பு தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் எனக்கு வெட்கமே தெரியவில்லை.

தை மாதம் கல்யாணம் ஆயிற்று. போன மாதம் கல்லூரி விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. முன்வரிசையில் என் மாமனார், செல்வி, என் மகள் மூன்று பேரும் ஒன்றாகக் குனிந்து தரையைப் பார்த்தார்கள்.