காற்றில் பிறந்த மேஸ்திரி

1926-ஆம் வருஷம் ரங்கூனில் 'மண்ணுரிமைப் பரிசோதனை ஆபீஸ்' என்று ஒன்றைத் திறந்தார்கள். அதுவரை ஜனங்கள், பாவம், யாரையும் கேட்காமல் இஷ்டத்துக்குப் பிறந்துகொண்டிருந்தார்கள்.

நாகரத்தினம் தெருவிளக்கு மேஸ்திரி. பதினோரு வருஷமாகத் தற்காலிகம். 'இம்மண்ணில் பிறந்தவர்' என்று சர்ட்டிபிகேட் கொண்டுவந்தால் வேலை நிரந்தரம்; இல்லாவிட்டால் முதல் தேதியோடு வீட்டுக்குப் போகலாம். வீட்டில் மனைவி அம்சவேணிக்கு எட்டு மாதம். ஆகவே பெற்ற தாய் வேலம்மாவையே சாட்சிக்கு அழைத்துப் போனான்.

தலைமைக் குமாஸ்தா பொன்னுத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க பெத்தனீங்கள், அம்மா?"

"இங்க ரங்கூன்லதான், கெமண்டைன்ல ஐயா. கால் வச்ச மரவீடு. ஏழு படி ஏறணும்."

"ஏழு படியோ?" பேனா நின்றுவிட்டது. "அப்ப பிள்ளை மண்ணில பிறக்கேல்லை. அஞ்சடி மேல, காத்திலயெல்லோ பிறந்திருக்கு! காத்தின்ர பிரசைகளைப் பற்றிச் சட்டத்தில ஒண்டும் இல்லை."

"வீடு மண்ணுலதானே ஐயா நிக்குது?"

"வீட்டுக்கு உரிமை உண்டு. ஆர் இல்லையெண்டது? வீடு மனுப் போடட்டும்."

வேலம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்னிக்கு வீட்டுக்கடியில எங்க வாத்து குஞ்சு பொரிச்சுது. அதுக்குக் குடுப்பீங்களா?"

"வாத்துக்கு உண்டு" என்றார் பொன்னுத்துரை. நியாயஸ்தர்.

பக்கத்து மேஜையில் ரிக்கார்டு பார்க்கும் ஊ போ தெயின் சிரித்துவிட்டார். பர்மியர், பாட்டன் பூட்டனெல்லாம் ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான த்வாண்டேயில். பொன்னுத்துரை அவர் பக்கம் திரும்பி, பர்மிய மொழியில் கேட்டார்:

"நீங்கள் பிறந்த வீட்டுக்கு எத்தனை படி?"

"ஒன்பது" என்றவர், சிரிப்பை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் விசாரித்ததில், ஆபீஸில் தரையில் பிறந்தவர் பொன்னுத்துரை ஒருவரே என்று தெரிந்தது. அதுவும் யாழ்ப்பாணத்துத் தரை. மேலதிகாரி நடுக்கடலில், கப்பலில் பிறந்தவர். ஆனால் அவருடைய தகப்பனார் வெள்ளைக்காரத் துரை என்பதால் அவருக்கு எந்த மண்ணும் தேவைப்படவில்லை. மண்ணில் பிறக்காதவர்கள் ஆபீஸ் நடத்தக் கூடாதென்றும் சட்டத்தில் இல்லை. ஆபீஸ் நடந்தது.

நாகரத்தினத்துக்கு வேலை போயிற்று. பதினோரு வருஷம் தோளில் தூக்கிய ஏணியைத் திருப்பிக் கொடுத்தபோது அழுகை வந்துவிட்டது. தன் பிள்ளைக்காவது இந்தக் கதி வரக்கூடாதென்று, வாத்துகளை விரட்டிவிட்டு, வீட்டுக்கடியில் சேற்றைச் சமப்படுத்திக் கட்டில் போட்டான். அம்சவேணி அவனைத் திட்டிக்கொண்டே இறங்கிவந்து பெண் பெற்றாள்.

செய்தி பரவியது. ஊ போ தெயினும் தம் மகளைப் பிரசவத்துக்குக் கீழே இறக்கினார். அந்த மழைக்காலத்தில் கெமண்டைன் முழுக்க மனிதர்கள் கீழே இருந்தார்கள். வாத்துகள் மேலே இருந்தன.

முப்பதாம் நாள் நாகரத்தினம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதற்குச் சர்ட்டிபிகேட் கேட்டு ஆபீஸுக்குப் போனான். பொன்னுத்துரை அதன் கன்னத்தை ஆசையோடு தட்டினார்.

"வடிவான பிள்ளை" என்றார். "கட்டிலுக்குக் கால் இருக்கோ?"