பாதி நாவலும் ஒரு முழுப் பலாவும்

நாவலே படிக்காதவனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. முழுதாகப் படித்தவனும் பெரும்பாலும் சாதுவாகத்தான் இருப்பான். பாதி படித்தவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவனுக்கு வேகம் வந்திருக்கும்; எங்கே போய் நிற்பது என்று மட்டும் தெரிந்திருக்காது. (அனுபவஸ்தன் சொல்கிறேன், நம்பலாம்.)

அப்போது நான் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் தேன்மொழி என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவள் அப்பா வெளியூர் போயிருந்தார். பையனை நேரில் பார்த்துப் பேசாமல் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆக, என் கல்யாணம் நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு மனிதரின் வாயில் இருந்தது.

தேன்மொழி போனில் ஒரு துப்புக் கொடுத்தாள். "அப்பாவுக்கு ஒரு நாவல்னா உயிரு" என்று பெயரைச் சொன்னாள். "எனக்கும்தான். கஷ்டத்த அவ்ளோ அழகா தாங்குவான் அதுல வர்றவன். நீங்க படிச்சிருக்கீங்களா?"

"அதையா? எத்தன தடவ!" என்றேன்.

(அந்த நிமிடம் வரை நான் அக்கறையாகப் படித்திருந்தது மிக்ஸியோடு வந்த கையேடு ஒன்றைத்தான்.)

நூலகத்தில் எடுத்தேன். அந்தக் காலத்து நாவல். தலையணை இல்லாத வீட்டில் உதவும். பஞ்சத்தில் எல்லாம் போய், ஒரு குடியானவனுக்கு அம்மிக்கல் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதைத் தலையில் தூக்கிக்கொண்டு பிழைப்பைத் தேடி நடக்கிறான். வண்டிக்காரன் ஏறச் சொன்னால் ஏற மாட்டான். யாராவது உதவக் கை நீட்டினால் கல்லைக் கொடுக்க மாட்டான். பாதம் வெடித்து ரத்தம் வருகிறது, நடக்கிறான். அந்த இடத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. புத்தகத்தை மூடினேன். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, இனி மிச்சப் பாதி எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். அக்காவைக் கொடுத்திருப்பது அண்ணாகிராமத்தில். காலையில் அங்கே போனதும், அக்கா வீட்டுக்காரர் தோப்பில் புதுசாக வெட்டிய பலா ஒன்றைக் காட்டினார். பெண் வீட்டுக்கு எடுத்துப் போகவாம். அது பழமில்லை, முள் வைத்த ஒரு கன்றுக்குட்டி.

"வாடா, பைக்ல கொண்டாந்து வுடுறேன்" என்றார் மாமா.

"வேணாம் மாமா. நானே தூக்கிட்டுப் போறேன்."

"துண்ட சுருட்டிச் சும்மாடாவது வச்சிக்கடா, தலையில குத்தும்."

"வேணாம் மாமா." (நாவலில் சும்மாடு இல்லை.)

மாமா அக்காவைப் பார்த்தார். "ஏன்டி, உந்தம்பிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

கடலூரில் பஸ் மாறினேன். கண்டக்டர் என்னைப் பார்க்கவில்லை, பழத்தைத்தான் பார்த்தார். "யாரு மடியில வச்சிக்கப் போற இத?" ஏற்றும்போது காம்பு படியில் இடித்து மறுபடியும் பால் கசிய ஆரம்பித்தது. நான் கவனிக்கவில்லை. என் கண்ணுக்கு அது அம்மிக்கல்.

சிதம்பரத்தில் இறங்கினேன். நல்ல அக்னி நட்சத்திர வெயில். ஆட்டோக்காரர் கூப்பிட்டார், மறுத்தேன். பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். வீடு தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. போன தடவை காரில் வந்ததால் எந்தச் சந்து என்று பிடிபடவில்லை. வழி கேட்கலாம், ஆனால் நம்மாள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லையே. தெற்கு வீதி முடிந்து மேல வீதி வந்தது, அப்புறம் வடக்கு வீதி. சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க எனக்கு மூன்றாவது கை இல்லை.

கீழ வீதி டீக்கடையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். "தேரு வர்ற வீதியில பலாப்பழம் வருது பாரு!"

அப்போதுதான் மொபெட்டில் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நிறுத்தினார். ஹேண்டிலில் வாழை இலைக்கட்டும் மல்லிப்பூவும் தொங்கின.

"தம்பி, மேல வீதியிலயே ஒங்களப் பாத்தேன். எங்க போவணும்? பின்னாடி வச்சி ஒக்காருங்க."

"வேணாங்க."

"ஒரு கையாவது புடிக்கிறேனே?"

நின்றேன். நாவல் என் நாக்கில் ஏறி உட்கார்ந்தது. "ஐயா, என் பாரம் என்னோட. நீங்க ஒங்க வேலையப் பாருங்க."

பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மறுபடி தெற்கு வீதிக்கு வந்ததும் சந்து தானாகவே கண்ணில் பட்டது. வீட்டு வாசலில் அந்த மொபெட் நின்றது. வாழை இலைக்கட்டு இறங்கிவிட்டிருந்தது.

"வாங்க தம்பி" என்றார் பெரியவர், வாசற்படியில் நின்றபடி. "எறக்கி வைக்கிறீங்களா? நான் கைய நீட்டமாட்டேன், பயப்படாதீங்க."

பின்னால் தேன்மொழி. அவள் முகத்தில் இருந்தது சிரிப்பா கவலையா என்று எனக்குத் தெரியவில்லை. மானத்தோடு இறக்கிவிடலாம் என்று பழத்தைத் தூக்கினேன். பழம் வந்தது. கூடவே என் தலையும் வந்தது. கசிந்த பால் வெயிலில் இறுகி, முடியையும் பழத்தையும் ஒன்றாக ஒட்டவைத்திருந்தது. இன்னொரு தடவை இழுத்தேன். கண்ணில் நட்சத்திரம் தெரிந்தது. (அக்னி நட்சத்திரம் இல்லை, வேற.)

தெருவே கூடிவிட்டது. இப்படியே திரும்பி பஸ் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கண்டக்டர் ஏற்றமாட்டார்.

"மாமா," என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. "ஒரு கை குடுங்களேன்."

அவர் அசையவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தார். "தேனு, கடைசி அத்தியாயத்துக்கு வந்துட்டாரும்மா!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தேங்காய் எண்ணெயோடு திரும்பி வந்தாள். அவர் பழத்தைத் தாங்கிப் பிடிக்க, அவள் எண்ணெய் ஊற்ற, அவள் அம்மா கத்தரிக்கோல் எடுக்க, நான் தலையைக் குனிந்து நின்றேன்.

"எங்க நிறுத்துனீங்க?" என்று தேன்மொழியின் அப்பா கேட்டார்.

"கால் வெடிச்சி ரத்தம் வருமே, அங்க."

"அதான பாத்தேன். மிச்சப் பாதியில அந்த ஆளு கீழ வுழுவான். கல்ல எறக்கி வச்சிட்டு, போற வர்றவங்கள கூப்புடுவான். ஊரே மாத்தி மாத்தித் தூக்கும். அப்பிடித்தான் போய்ச் சேருவான். தனியா தூக்குனதுக்கா அது பெரிய நாவலு? கூப்புட்டானே, அதுக்கு!"

தேன்மொழி என் தலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "படிக்கலன்னு சொல்லியிருந்தா நானே கதைய சொல்லியிருப்பேன்ல?"

அன்றைக்கே தேதி குறித்தார்கள். நடுமண்டையில் முடி வளர நேரம் வேண்டும் என்று ஒரு மாதம் தள்ளிக் குறித்தார்கள். அதுவும் போதவில்லை. கல்யாண ஆல்பத்தில் நான் எல்லாப் படத்திலும் தலைப்பாகையோடுதான் இருப்பேன். தூங்கி வழிகிற படத்திலும்கூட.

இப்போதும் கேஸ் சிலிண்டரை நான் தனியாகத் தூக்கப் போனால் தேன்மொழி சமையற்கட்டிலிருந்தே குரல் கொடுப்பாள்: "இன்னும் பாதியிலதான் நிக்கிறீங்களா?" பலா சீசன் வந்துவிட்டால் மாமனாரிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்தான்.

"மாப்ள, நல்ல பழமா வந்திருக்கு. முடி வெட்டிக்கிட்டு வாங்க."