டேங்கர் சக்கரத்தில் எலுமிச்சம்பழம்

ஓர் ஆபத்தைத் தடுப்பதில் மும்முரமாக இருப்பவனைப் போல ஆபத்தானவன் உலகத்தில் கிடையாது. இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை. பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கத்தில் ஒரு காஸ் ஆலையில், தலைக்கவசத்தில் சந்தனப் பொட்டோடு நின்று, அனுபவித்துச் சொல்கிறேன்.

அங்கே நான் பாதுகாப்பு அதிகாரி. சமையல் காஸ் டேங்கர் லாரிகளில் வரும், பெரிய தொட்டிகளுக்கு மாறும், சிலிண்டர்களில் அடைபட்டுப் போகும். அது வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வதும், கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுப்பதும் என் வேலை. அந்த வேலை அப்போது இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆஸ்டின் டவுனில் வாடகை வீடு, வீட்டில் நிறைமாத மனைவி. ஆகவே எப்படியாவது நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று, பார்த்தவர்களுக்கெல்லாம் பாதுகாப்பு விதி சொல்லிக்கொண்டிருந்தேன். (எதிரே வந்தவர்கள் திடீரென்று டீ ஞாபகம் வந்ததுபோல் திரும்பிப் போனது வேறு விஷயம்.)

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்றைக்குப் பொட்டு வைத்துக்கொள்ளாத இயந்திரம் என்று ஒன்று இருக்க முடியாது. மேலாளர் நாகராஜ் சார் என்னைக் கூப்பிட்டார்.

“பூஜை ஜோரா இருக்கணும் ரீ. ஹெட் ஆபீஸ்லேர்ந்து பெரியவர் வர்றாரு. உங்க கன்ஃபர்மேஷனும் அவர் கையிலதான் இருக்கு, கொத்தாய்த்தா?”

(‘ரீ’ என்பது நம்முடைய ‘ங்க’ மாதிரி மரியாதை. ‘புரிந்ததா’ என்று கன்னடத்தில் கேட்டார். எனக்கு எல்லா மொழியிலும் புரிந்தது.)

“பண்ணிடலாம் சார். நெருப்பு மட்டும் கூடாது. கற்பூரம், ஊதுபத்தி எதுவும் வேணாம்.”

“நெருப்பில்லாம என்ன பூஜை ரீ?”

“அதை எங்கிட்ட விடுங்க சார்.”

விட்டார். நான் சிக்பேட்டையில் பேட்டரியில் எரியும் தீபம் வாங்கி வந்தேன். (காஸ் இருக்கும் இடத்தில் சாதாரண பேட்டரி விளக்கும் தீக்குச்சிக்கு அண்ணன்தான் என்று நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். அன்று பார்த்து அது ஞாபகத்துக்கு வரவில்லை.) வாசலில் நின்று, புரோகிதர் முதல் பூக்காரர் வரை எல்லோருடைய தீப்பெட்டியையும் பிடுங்கினேன். நெருப்பை ஒழித்துவிட்ட மிதப்பில், மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன்.

அவர்களுடைய இஷ்டம் பெரிதாக இருந்தது. காஸ் கசிந்தால் மோப்பம் பிடித்துக் கத்த வேண்டிய கருவியின் மூக்கில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்கள். அவசரத்துக்கு அழுத்த வேண்டிய சிவப்புப் பொத்தான், சாமந்தி மாலைகளுக்குள் காணாமல் போனது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டும் துணிக்குழாய்க்கும் ஒரு மாலை போட்டார்கள். அந்தக் கனத்தில் அது பரம பக்தியோடு தலைகுனிந்து தொங்கியது. ரொம்ப லட்சணமாக இருப்பதாக நான் பாராட்டினேன்.

கடைசியாக, காஸ் இறக்கிக்கொண்டிருந்த டேங்கர் லாரி. ராகுகாலத்துக்கு முன் பூஜை முடிய வேண்டும் என்று இறக்குவதைப் பாதியில் நிறுத்தினார்கள். குழாயை யாரும் கழற்றவில்லை. காஸ் இறங்கும்போது லாரிச் சாவி என் சட்டைப் பையில் இருக்க வேண்டும், சக்கரத்துக்கு முன்னால் கட்டை இருக்க வேண்டும் என்பது நான் கொண்டுவந்த விதி. அந்தச் சாவியைப் பூஜைத் தட்டில் பவ்யமாக வைத்தவனும் நான்தான். கட்டையை எடுத்தால்தான் எலுமிச்சம்பழம் வைக்க முடியும் என்றார்கள். நியாயம்தானே? எடுக்கச் சொன்னேன். ஒரு பழம் கோணலாக இருந்தது, அதையும் குனிந்து நேராக்கினேன்.

பூஜை முடிந்து சாவி ஓட்டுநர் முருகேசன் கைக்குப் போனது.

“எடுக்கட்டுமா சார்?” என்று ஜன்னல் வழியாக என்னைக் கேட்டார்.

யார் கையிலாவது தீப்பெட்டி இருக்கிறதா என்று மறுபடியும் சுற்றிப் பார்த்தேன். இல்லை.

“தாராளமா எடுங்க!”

பழம் நசுங்கியது. கூடவே ‘டப்’பென்று ஒரு சத்தம். குழாய் நடுவில் பிரிந்து, வெள்ளையாக ஒரு குளிர்ந்த புகை தரையோடு பரவியது. யாரோ சாம்பிராணி போடுகிறார்கள் என்று நினைத்துப் புரோகிதர் கை கூப்பினார்.

இழுபட்டால் தானே பிரிந்து, கொஞ்சம் காஸை மட்டும் கசியவிட்டு, இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும் இணைப்பு ஒன்று அந்தக் குழாயில் இருந்தது. நாங்கள் இன்று உயிரோடு இருப்பது அதன் புண்ணியத்தில்தான், என் விதிகளால் அல்ல. அப்போது எனக்கு அது தோன்றவில்லை. புகைக்குப் பக்கத்தில் நான் வாங்கி வந்த தீபம் மினுக்கிக்கொண்டிருந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவோம் என்று பயந்தேன்.

“எல்லாரும் காத்துக்கு எதிர்ப்பக்கமா ஓடுங்க!” என்று கத்தினேன்.

“அது எந்தப் பக்கம் ரீ?” என்றார் நாகராஜ் சார்.

எல்லோரும் துணிக்குழாயைப் பார்த்தோம். அது தலை நிமிரவில்லை. மோப்பக் கருவியும் சந்தன மூக்கோடு மௌன விரதத்தில் இருந்தது. நான் குத்துமதிப்பாக ஒரு பக்கம் ஓடினேன். தலைமை அலுவலகப் பெரியவர் உட்பட எல்லோரும் என் பின்னால் வந்தார்கள். புகையும் வந்தது. உடனே எல்லோரும் திரும்பி ஓடினோம். போகிற வழியில் மாலைகளைப் பிய்த்தெறிந்து, பொத்தானை ஓங்கிக் குத்தினேன்.

அந்த இணைப்பைத் தவிர, அன்று ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான். மேலே இருந்த தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் திறந்துகொண்டன. புகை கலைந்தது. பொரி, கடலை, இனிப்புப் பெட்டிகள், பெரியவரின் பட்டு வேட்டி எல்லாம் தொப்பலாக நனைந்தன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பெரியவர் வேட்டியைப் பிழிந்தபடி, “இங்க சேஃப்டி ஆபீசர் யாரு?” என்றார்.

யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. என் தலைக்கவசத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

“நான்தான் சார். ஆனா நெருப்பு…”

“நெருப்பு இல்ல. அதைத்தான் நானும் பாத்தேனே.”

என் நிரந்தரம் அடுத்த ஆயுத பூஜைக்குத் தள்ளிப்போனது. அதற்குள் மகள் பிறந்துவிட்டாள். இந்தக் கதையை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த அடுத்த முட்டாள்தனம். ஃப்ரிட்ஜை நகர்த்தினால், காரில் ஏறினால், கட்டிலை இழுத்தால்கூட என் மனைவி சுமதி, “பைப்பைக் கழட்டியாச்சா?” என்பாள். மகள் பேசக் கற்றுக்கொண்டதும் அவளும் சேர்ந்துகொண்டாள்.

போன ஆயுத பூஜைக்கு எங்கள் மின்சார ஸ்கூட்டருக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் பழம் வைத்துவிட்டுக் கம்பீரமாக ஏறி உட்கார்ந்தேன்.

“அப்பா, பைப்பைக் கழட்டியாச்சா?”

“இது கரண்டு வண்டி. இதுக்கு ஏதுடி பைப்பு?” என்று எரிந்து விழுந்தேன்.

மகள் சீட்டுக்கு அடியிலிருந்து சுவர் வரைக்கும் போயிருந்த சார்ஜர் வயரை விரலால் காட்டினாள்.